ஐந்து நாள் காக்கி

கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தையில் வண்டிக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். "ஏனுங்கண்ணா, இதுல சேந்தா பின்னாடி போலீஸ்ல எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார். சந்தை இரைச்சலுக்கு நடுவே "எடுத்துக்க மாட்டாங்க தம்பி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் முகம் வாடிவிட்டது. முழுப் பதிலையும் அவருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போலீஸ் ஆக வேண்டுமென்றால் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதித் தேற வேண்டும். ஊர்க்காவல் படையில் பத்து வருடம் நின்றாலும் காவலர் வேலை தானாக வந்து சேராது. ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் 'சேவை மனப்பான்மை உள்ளவர்கள்' என்ற சொல் தவறாமல் இருக்கும். படிப்பவர்கள் அதை அலங்காரமாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். சட்டப்படி முழு அறிவிப்பும் அந்தச் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. நீங்கள் அரசு ஊழியராகச் சேரவில்லை, தொண்டராகச் சேர்கிறீர்கள். கிடைப்பது சம்பளம் அல்ல, பணிக்கு வந்த நாளுக்கான படி.

1946 டிசம்பரில் பம்பாயில் கலவரம் மூண்டிருந்த நேரத்தில், போலீசுக்குத் துணையாக ஊர்மக்களைக் கொண்டு இந்தப் படையைத் தொடங்கினார்கள். 1962 சீனப் போருக்குப் பின் நாடு முழுக்க அது திருத்தி அமைக்கப்பட்டது. நம் மாநிலத்தில் இதற்கென்று 1963-ல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இருப்பதால்தான் ஊர்க்காவல் படைக்காரருக்கு ஒரு நிலை இருக்கிறது. பணிக்கு அழைக்கப்பட்ட நேரத்தில் அவர் பொது ஊழியர். அந்த நேரத்தில் அவரைத் தாக்கினால் பொது ஊழியரைத் தாக்கிய குற்றமாகும். அதே சட்டம் மறுபக்கமும் பேசுகிறது. அழைத்தபின் தக்க காரணமின்றி வராமல் இருப்பதும், உத்தரவை மீறுவதும் தண்டனைக்கு உரியவை. 'சும்மா வாலண்டியர்தானே, பிடிக்கலைன்னா போகாம இருந்துக்கலாம்' என்ற நினைப்போடு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். விலக வேண்டுமானால் எழுதிக் கொடுத்து, சீருடையையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்து, அதற்கு ரசீது வாங்கிக்கொண்டு விலகுங்கள். விலகிய பிறகும் காக்கியைப் போட்டுக்கொண்டு நடமாடினால் அது தனிக் குற்றம்.

இனிப் பணக் கணக்கு. மலைக்காரர்களாகிய நாம் பொறுமையாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

இமாச்சலப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் ஊர்க்காவல் படையினர், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 மார்ச் 11-ல் தீர்ப்பு வந்தது. தொண்டராகச் சேர்ந்தவரை நிரந்தர ஊழியராக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதோடு நிற்கவில்லை. பணி நேரத்தில் இவர்களுக்குப் போலீசின் அதிகாரம் இருக்கிறது, போலீசின் வேலையைத்தான் செய்கிறார்கள், ஆகவே முப்பது நாள் படியைக் கூட்டினால் அந்த மாநிலக் காவலரின் குறைந்தபட்ச ஊதியம் வரும் அளவுக்கு நாள்படி கொடுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் நாள்படி 560 ரூபாயானது. முப்பதால் பெருக்கினால் 16,800. நாள்படியாவது இந்த அளவுக்கு வந்தது. ஆனால் மாதத்தில் எத்தனை நாள் வேலை தர வேண்டும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் பல ஆண்டுகளாக நாம் பார்த்த எண்ணிக்கை மாதம் ஐந்து நாள்தான். அந்தக் கணக்கில் மாதத்துக்கு வருவது 2,800 ரூபாய். நாள்படியைக் கூட்டிவிட்டு நாளைக் குறைத்தால் அடுப்பில் உலை வைப்பவருக்கு என்ன மாறியது? இது எனக்கு ஆறாத வருத்தம். படையினரின் சங்கங்களும் பணிநாளைக் கூட்டுங்கள் என்றுதான் தொடர்ந்து கேட்டுவருகின்றன. எண்ணிக்கை அறிவிப்புக்கு அறிவிப்பு மாறலாம். உங்கள் கையில் இருக்கும் அறிவிப்பில் நாள்படி எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை நாள் என்ற இரண்டையும் தேடிப் படியுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் மற்றதைக் கேளுங்கள்.

சமவெளியில் இருப்பவருக்கு ஐந்து நாள் என்றால் ஐந்து நாள்தான். சோளக்காட்டுக்காரருக்கு அப்படி இல்லை. நாமக்கல்லில் காலை ஏழு மணிக்குப் பந்தோபஸ்து என்றால் முதல்நாள் மாலையே எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிக் காரவள்ளியைத் தாண்டியிருக்க வேண்டும். ராத்திரி ரோந்து முடிந்தால் அடுத்த நாள் பகல்தான் மலையேற முடியும். ஒரு நாள் படிக்கு இரண்டு நாள் போகிறது. பஸ் காசும் சாப்பாடும் கைக்காசு. மிளகு பறிக்கும் பருவத்தில் ஆள் கிடைக்காத நாளில் இப்படிப் போனால் வீட்டுக்குத்தான் இழப்பு. சேர்ந்தவுடன் தரும் பயிற்சியும் அறிவிப்புகளின்படி சுமார் 45 நாள். ஆயுதப்படை மைதானத்தில் கவாத்து என்றால் கீழே யார் வீட்டில் தங்குவது, அந்த நாட்களுக்குப் படி உண்டா, வாரம் தவறாத கவாத்துக்கு எங்கே வர வேண்டும் என்பதையெல்லாம் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். வாழவந்திநாடு காவல் நிலைய எல்லையிலேயே பணி தர முடியுமா என்றும் கேளுங்கள். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேடு திணறும்போது மலையின் பாதையும் பேச்சும் தெரிந்த ஆள் போலீசுக்கும் தேவைதானே. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடிபட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. வைப்பு நிதியும் ஓய்வூதியமும் உள்ள வேலையல்ல இது. போக்குவரத்தைச் சீர்செய்ய நடுரோட்டில் நிற்பவருக்கு வண்டிதான் முதல் ஆபத்து. பணியின்போது வாகனம் மோதினால், படை என்ன தருகிறது என்பது ஒருபுறம் இருக்க, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும் உரிமை வேறெந்தக் குடிமகனுக்கும் போல உங்களுக்கும் உண்டு. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என்று மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. தீர்ப்பாயம் வருமானத்தை வைத்துத்தான் இழப்பீட்டைக் கணக்கிடும். உங்கள் பெயரில் காகிதத்தில் இருப்பது மாதம் 2,800 ரூபாய் மட்டும் என்றால் கணக்கு அங்கேயே சுருங்கிவிடும். ஆகவே மிளகு விற்ற சீட்டு, வாழைத்தார் மண்டி ரசீது, பட்டா எதையும் தூக்கிப் போடாதீர்கள். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமரின் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. விபத்தில் உயிர் போனால் 2 லட்சம் கிடைக்கும். சேருவதற்கு முந்தின நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை.

சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளை எதிர்க்கவென்று பழங்குடி இளைஞர்களைச் 'சிறப்புக் காவல் அதிகாரிகள்' என்று சேர்த்து, கையில் துப்பாக்கி கொடுத்து, மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம் தந்தார்கள். பலருக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. சமூகவியலாளர் நந்தினி சுந்தர் தொடுத்த வழக்கில் 2011 ஜூலை 5-ல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது. போதிய பயிற்சியும் சரியான ஊதியமும் இல்லாமல் ஏழைப் பிள்ளைகளை ஆபத்தின் முன்னால் நிறுத்துவது அவர்களின் சமத்துவத்தையும் உயிர் வாழும் உரிமையையும் பறிக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். கொல்லிமலையில் அப்படியொரு நிலை இல்லை. ஆனாலும் இங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பிள்ளை ஒருவரிடம் 'நீ காட்டு வழி தெரிஞ்சவன், நீ முன்னால போ' என்று யாராவது சொன்னால், எந்த உத்தரவின் பேரில், என்ன பயிற்சியோடு, யார் பொறுப்பில் என்று கேட்கும் உரிமை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் நடந்தது. போலீசுக்கு ஒத்தாசை செய்யும் தொண்டர்களைக் கொண்ட போலீஸ் நண்பர்கள் குழு 1993-ல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடு தொடங்கப்பட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது அந்தக் குழுவின் பெயரும் அடிபட்டது. அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. ஊர்க்காவல் படைக்கு இருப்பதுபோல அந்தக் குழுவுக்குச் சட்டத்தின் துணை இருக்கவில்லை. ஆகவே 'வா தம்பி, ஸ்டேஷனுக்கு ஒத்தாசையா இரு' என்று வாய்மொழியாகக் கூப்பிட்டால், நியமனச் சான்றும் பணிக்கு அழைத்த பதிவும் இல்லாமல் போகாதீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லாத நேரத்தில் நீங்கள் பொது ஊழியரும் அல்ல, பாதுகாப்பும் கிடையாது. சான்று இருந்தாலும் ஒன்று மாறாது. பிடித்து வைத்தவரை அடி என்று யார் சொன்னாலும் அது சட்டப்படியான உத்தரவு ஆகாது. 'மேலதிகாரி சொன்னார்' என்பது அங்கே உங்களைக் காப்பாற்றாது.

பெண்களும் இந்தப் படையில் சேருகிறார்கள். சேர வேண்டும். அவர்களிடம் பலருக்குத் தெரியாத ஒரு சட்டத்தைச் சொல்கிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தொண்டாக வேலை செய்பவரையும் ஊழியர் என்றே கொள்கிறது. 'நீ பர்மனென்ட் இல்லையே, உனக்கு எப்படிப் புகார்' என்று யாராவது சொன்னால் அது பொய். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். காவல் துறையின் உட்புகார் குழுவிடமோ, அது கூடாத இடத்தில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடமோ கொடுக்கலாம்.

பகுதிநேரச் சேவை என்றால் பிரதேச ராணுவத்தையும் கேட்கிறார்கள். 1948 சட்டத்தின்படி அமைந்து, 1949 அக்டோபர் 9-ல் தலைமை ஆளுநராக இருந்த ராஜாஜி தொடங்கி வைத்தது அது. இதில் வேறு தொழில் உள்ளவர்கள் ஆண்டில் குறிப்பிட்ட காலம் பயிற்சி பெறுகிறார்கள். பணிக்கு அழைக்கப்பட்டிருக்கும் காலத்தில் முறையான ராணுவத்தின் ஊதியம் உண்டு. அழைப்பால் விட்டுப் போன வேலையை, திரும்பி வந்ததும் முதலாளி மறுபடி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊர்க்காவல் படையில் இல்லாத பலம் இது. ஆனால் அழைப்பு என்றால் நிஜ அழைப்பு. 2025 மே 6-ல் ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில் பிரதேச ராணுவத்தை அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு ராணுவத் தளபதிக்குக் கொடுத்தது. அதில் 14 காலாட்படைப் பட்டாலியன்கள் அடங்கும்.

இரண்டு இடத்துக்கும் ஆள் சேர்த்துவிடுகிறேன் என்று காசு கேட்பவர்கள் சந்தைநாளில் வருவார்கள். கொடுக்காதீர்கள். லஞ்சம் கொடுப்பதும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் குற்றம். அதிகாரி யாரேனும் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குச் சட்டம் விலக்கு தருகிறது. இணையம் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

சேர்ந்துவிட்டீர்கள், படி மூன்று மாதமாக வரவில்லை என்று வையுங்கள். கோபப்பட்டுப் பயனில்லை. கையில் பதிவு இருக்க வேண்டும். பணிக்கு அழைத்த செய்தி, சென்ற தேதி, இடம், நேரம், பொறுப்பு அதிகாரியின் பதவி இவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். அதை வைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. என் பெயரில் எத்தனை பணிநாள் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் படி ஒப்பளிக்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மனு நாளும் 1100 என்ற குறைதீர் எண்ணும் இருக்கின்றன. நீதிமன்றம்தான் வழி என்றால் வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறது. அதற்கான உதவி எண் 15100. சாதிச் சான்றிதழ் நகல் ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பியை அடுத்த சந்தையில் பார்த்தேன். இதில் பாதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அஞ்சு நாளு எந்தெந்த நாளுன்னு முன்னாடியே சொல்லுவாங்களாங்கண்ணா? காய் பறிப்பு நாளு தவிர மத்த நாளுன்னா நான் போறனுங்க" என்றார். அந்தக் கேள்வியை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த தாரைத் தூக்கப் போனார்.