வை-ஃபை சுவிட்ச் நம் கையில் இருக்கட்டும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என நம் பகுதி பிளஸ் டூ பிள்ளைகளின் கைகளுக்கும் லேப்டாப் வந்து சேர்ந்தது. அதில் படம் பார்க்கிறார்களா, பாடம் படிக்கிறார்களா என்று கவனிக்கிறோம். அதன் வை-ஃபை யாருடன் பேசிக்கொண்டிருக்கிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

வை-ஃபை என்பது ஒரு சிறிய ரேடியோ. நாம் இணையம் பார்க்காத நேரத்திலும் அது அருகிலுள்ள நெட்வொர்க்குகளைத் தேடும். அதற்கு பேட்டரி செலவாகும். முன்பு எப்போதோ இணைந்த கடவுச்சொல் இல்லாத நெட்வொர்க்கின் பெயரிலேயே வேறொருவர் வை-ஃபை வைத்திருந்தால், கேட்காமலேயே அதில் இணைந்துவிடவும் கூடும்.

மெஷ் என்றால் என்ன?

ஒவ்வொரு கருவியும் பக்கத்துக் கருவிக்குத் தகவலைக் கைமாற்றிக் கொடுக்கும் வலைதான் மெஷ். 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தின் எக்ஸ்ஓ கணினிகள் இந்த முறையில் இயங்கின. 2007-ல் மகாராஷ்டிராவின் கைராத் கிராமப் பள்ளிக்கும் அவை வந்தன. கணினியின் முக்கியச் செயலி உறங்கினாலும், அதன் வை-ஃபை சிப் அடுத்த பிள்ளையின் தகவலைக் கடத்திக்கொண்டிருக்கும். இணையம் எட்டாத ஊருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் செலவாவது நம் பேட்டரி. அதனால்தான் அந்தக் கணினியின் அமைப்புப் பக்கத்திலேயே ரேடியோவை அணைக்கும் வசதியையும் கொடுத்தார்கள். பகிர்வது நல்லது, எப்போது, யாருடன் என்பதை உரியவரே முடிவு செய்ய வேண்டும்.

கவனக்குறைவின் விலை

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வசித்த வீட்டின் இணைப்பிலிருந்து வந்ததாகப் போலீஸ் கண்டறிந்தது. அவர் விசாரிக்கப்பட்டார். பாதுகாப்பில்லாத அவருடைய வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தது பிறகு தெரியவந்தது. சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தின் மீது சந்தேகம் விழ, பூட்டாத வை-ஃபை ஒன்றே போதும். இதை நம் வீடுகளில் அவசியம் பேச வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. தேவையில்லாதபோது வை-ஃபையை அணைத்து வைப்போம். 'ஏரோப்ளேன் மோட்' பட்டனை அழுத்தினால் போதும்.

2. 'தானாக இணை' என்ற டிக்கை எடுத்துவிடுவோம். பழைய நெட்வொர்க்குகளைப் பட்டியலிலிருந்து நீக்குவோம்.

3. பேருந்து நிலையம், கடை போன்ற பொது இடங்களில் இணையும்போது 'பப்ளிக்' என்பதைத் தேர்வு செய்வோம். அப்போது நம் கணினி அங்குள்ள மற்றவர்களின் கண்ணில் படாது.

4. வீட்டு ரவுட்டருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் நீளமான கடவுச்சொல்லும் வைப்போம். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை நிறுத்துவோம்.

லேப்டாப்பைப் பிடுங்கி வைப்பது ஒருநாள் தீர்வு. இந்த நான்கையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை செய்து பார்த்தால், வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போனாலும் அவர்களே தங்களைப் பார்த்துக்கொள்வார்கள்.