முன்பாரம் என்னும் கணக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற அடையாற்றுக் கரைப் பகுதிகளில் மீட்புப் படகுகள் தயார் நிலையில் வைக்கப்பட்டுள்ளன என்ற செய்தி நாளிதழ்களில் ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. எனப் பதிவாகி, ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டபோது, கடலோர மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து தெருத்தெருவாக மக்களை மீட்டனர். வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகு தேவைப்பட்டவை படகுகள் அல்ல, தேங்கிய நீரை இறைக்கும் டீசல் பம்புகள். அப்படியானால், படகுக்கென்றே வாங்கப்பட்டு ஆண்டில் பெரும்பகுதி சும்மா கிடக்கும் ஒரு டிரெய்லரைப் பம்புசெட்டோ ஜெனரேட்டரோ ஏற்றும் வண்டியாக மாற்றிக்கொள்ள முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. முடியும். ஆனால், வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் பகுதியில்கூட, மேலே தளம் அடிப்பதையே மாற்றம் என்று எண்ணிக்கொண்டு, அந்தத் தளத்துக்குக் கீழே அச்சு எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கத் தவறினால், அந்த வண்டி சாலைக்கு ஏற்றதாக இராது.

படகு டிரெய்லர் படகின் உடலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. படகின் எடையில் பெரும்பங்கு எஞ்சின் தொங்கும் பின்பகுதியில் இருப்பதால், டிரெய்லரின் அச்சும் வெகுவாகப் பின்னால் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். படகின் மூக்கு நீண்டு வருவதால், இழுக்கும் வண்டியோடு இணையும் முன்தண்டும் நீளமாக இருக்கும். நடுவே தளம் கிடையாது. அடிப்பாகம் சாய்ந்து உட்காரத் தக்க நீளவாட்டுக் கட்டைகளோ உருளைகளோ மட்டுமே உண்டு. இந்த அமைப்பில் அச்சின் இடத்தை முடிவு செய்தது படகின் எடைப் பரவல்; படகை இறக்கிவிட்ட அந்த நொடியிலேயே அந்த முடிவுக்கான காரணமும் இறங்கிவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள மாட்டுவண்டியைவிடத் தெளிவான சான்று வேறில்லை. இரு சக்கர வண்டியில் மூட்டைகளை அச்சுக்கு முன்னே மிகுதியாக அடுக்கினால் முன்பாரம் ஏறி, நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்துகிறது. பின்னே மிகுதியாக அடுக்கினால் பின்பாரமாகி, ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்குகிறது. அனுபவமுள்ள வண்டிக்காரர் எப்போதும் சிறிதளவு முன்பாரம் இருக்குமாறே ஏற்றுவார். டிரெய்லரின் முன்தண்டுதான் ஏர்க்கால், இணைப்புக் கொக்கிதான் நுகத்தடி, இழுக்கும் வண்டியின் பின் டயர்கள்தான் மாடுகள். ஒப்புமை இன்னும் நீள்கிறது: மேட்டில் ஏறும்போது வண்டிக்காரர் முன்னே நகர்ந்து ஏர்க்காலில் உட்கார்ந்தும், இறக்கத்தில் பின்னே தள்ளி அமர்ந்தும் தம் உடலையே நகரும் எடையாக்கிப் பாரத்தைச் சரிசெய்கிறார், டிரெய்லரில் அப்படி ஒருவர் இல்லை. களத்துமேட்டில் முன்மூட்டைகளை முதலில் இறக்கினால் வண்டி பின்னால் குடை சாய்வதுபோல, டிரெய்லரிலும் சரக்கை இறக்கும் வரிசை முக்கியம். மூடாமல் நிறுத்திய படகில் மழைநீர் தேங்கிப் பின்பக்கம் ஓடினாலும் முன்பாரம் தானாகவே குறைந்துவிடும். ஆனால் மாடு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடுவதில்லை. அந்த வேகத்தில் பின்பாரம் வெறும் தூக்கலாக நின்றுவிடாமல், ஆட்டமாக மாறுகிறது என்பதே இங்கு நின்று நோக்க வேண்டிய நுட்பம்.

ஒரு தண்டின் ஒரு முனையைக் கீல் போட்டுப் பொருத்திவிட்டு, அதன் நீளத்தில் வெவ்வேறு இடங்களில் குறுக்காகத் தட்டினால், கீலில் விழும் உதைப்பு இடத்துக்கு இடம் மாறும். எடைமையத்தில் தட்டினால் கீல் ஒரு திசையில் உதை வாங்கும். வெகுதொலைவில் தட்டினால் எதிர்த்திசையில் வாங்கும். இடையே ஒரு புள்ளியில் தட்டும்போது மட்டும் கீலுக்கு எந்த உதைப்பும் போய்ச் சேராது. அந்தப் புள்ளியைத் தாக்கு மையம் என்பர். அது எப்போதும் எடைமையத்துக்கு அப்பால், கீலிலிருந்து சற்று விலகியே அமையும். டிரெய்லரில் கீலாக இருப்பது கொக்கி. குறுக்கே தட்டுபவை, ஆட்டத்தை எதிர்த்துச் சாலையைப் பற்றும் டயர்கள். எனவே அச்சு தாக்கு மையத்தை ஒட்டி, அதாவது எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால் நின்றால், டயர்கள் டிரெய்லரை நேராக்க எடுக்கும் முயற்சி இழுக்கும் வண்டியின் வாலைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அச்சுக்குப் பின்னால் எடைமையம் போய்விட்டாலோ, ஒவ்வோர் ஆட்டமும் முன்வண்டியின் வாலைப் பக்கவாட்டில் தள்ள, முன்வண்டியின் அசைவு மீண்டும் டிரெய்லரைத் தள்ள, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கத் தொடங்கும். எடைமையத்துக்குப் பின்னால் அச்சை வைப்பதும் கொக்கியில் முன்பாரம் இருப்பதும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள்தாம். வண்டிக்காரர் மாட்டின் கழுத்துக்காகக் கற்ற பாடத்துக்கு, இயக்கவியலில் இவ்வளவு அழகான இன்னொரு காரணமும் இருக்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, கொக்கியிலிருந்து அச்சு 4 மீட்டர் தொலைவில் உள்ள 250 கிலோ டிரெய்லர் ஒன்றின் சட்டம், தன் எடையால் கொக்கியில் 50 கிலோ அழுத்துவதாகக் கொள்வோம். 650 கிலோ படகின் எடைமையம் அச்சுக்கு 25 செ.மீ. முன்னால் அமைந்தால், அது மேலும் 40 கிலோவைச் சேர்க்க, மொத்தம் 900 கிலோவில் 90 கிலோ, அதாவது 10 விழுக்காடு முன்பாரம் கிடைக்கும். இப்போது படகை இறக்கிவிட்டு 600 கிலோ பம்புசெட்டை அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் வைத்தால், முன்பாரம் 95 கிலோ. அதையே அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் வைத்தால், வெறும் 5 கிலோ. இரண்டு முழம்கூட இல்லாத இந்த இடைவெளி, பாதுகாப்பான வண்டியையும் ஆபத்தான வண்டியையும் பிரிக்கிறது. சிறிய டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பிய வழக்கம் அதைவிடக் குறைவு. எவ்வாறாயினும் சுழிக்கு அருகே செல்லக் கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதே கணக்கில் மகிழ்ச்சி தரும் செய்தியும் உண்டு. 5 மீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும் படகைவிட, 1.5 மீட்டருக்குள் அடங்கும் பம்புசெட்டின் சுழல் நிலைமம், அதாவது சுழற்றினால் நிற்க மறுக்கும் தன்மை, ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்குதான். எடை ஏறத்தாழ ஒன்றாயினும் ஆட்டத்தை அடக்குவது எளிது. அச்சை உரிய இடத்துக்கு நகர்த்தும் பொறுமை இருந்தால், மாற்றப்பட்ட வண்டி படகு வண்டியைவிடச் சாதுவாகவே ஓடும்.

அடுத்தது வேகம். டயர் தான் நோக்கும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் இடையே உள்ள நழுவுகோணத்துக்கு ஏற்பப் பக்கவாட்டு விசையைத் தருகிறது. அந்தக் கோணத்தின் ஒரு பகுதி டிரெய்லர் சாய்ந்திருக்கும் அளவிலிருந்து வருகிறது. இது வண்டியை நேராக்கும். மற்றொரு பகுதி, டிரெய்லர் பக்கவாட்டில் வீசும் வேகத்தை முன்னோக்கிய வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. இதுதான் ஆட்டத்தைத் தணிக்கும். முன்னோக்கிய வேகம் வகுத்தியாக இருப்பதால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் தணிப்பில் பாதியே 60 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். நேராக்கும் விசை குறையாமல், தணிக்கும் விசை மட்டும் தேய்ந்துகொண்டே போவதால்தான், காலி சாலையில் நெடுநேரம் ஒழுங்காக வந்த டிரெய்லர், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் வாலாட்டத் தொடங்குகிறது. அப்போது ஸ்டியரிங்கை மாறி மாறித் திருப்பாமல், நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தை இறங்கவிடுவதே முறை.

வரலாறு சுருக்கமானது. பக்கவாட்டு நழுவலைப் பிரெஞ்சுப் பொறியாளர் புரூலியே 1925 வாக்கில் விளக்கினார். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடையையும் அச்சையும் இடம் மாற்றக்கூடிய சோதனை டிரெய்லர் ஒன்றைக் காரின் பின்னால் ஓட்டிப் பெற்ற முடிவுகளை 2009இல் வெளியிட்டு, முன்பாரம், சுழல் நிலைமம், அச்சின் இடம் ஆகியவற்றின் முதன்மையை உறுதிப்படுத்தினர்.

இவ்வளவு தெளிவான அடிப்படை இருந்தும், கொக்கியில் பொருத்தும் ஆட்டத் தடுப்பான்களும், தானாகவே பிரேக் போடும் மின்னணுக் கருவிகளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற விளம்பரங்களும், ஒரே நாளில் டிரெய்லரை மாற்றிக் காட்டும் காணொளிகளும் பெருகிவருகின்றன. அக்கருவிகள் பயனற்றவை அல்ல. ஆனால் அவை எழுந்த ஆட்டத்தின் ஆற்றலைக் கரைப்பவையே தவிர, பிழையாக வைக்கப்பட்ட சுமையை நகர்த்துபவை அல்ல. பின்பார வண்டிக்கு அவற்றைப் பொருத்துவது ஆபத்து தொடங்கும் வேகத்தைச் சற்று ஒத்திப்போடுகிறது. அதனால் வரும் அசட்டுத் துணிவு அந்த நன்மையையும் விழுங்கிவிடக்கூடும்.

சட்டத்தின் வலுவும் கவனத்துக்குரியது. இரு முனைகளில் தாங்கப்பட்ட உத்திரத்தின் மீது ஒரே சுமையைச் சீராகப் பரப்புவதற்குப் பதில் நடுவில் குவித்தால், வளைக்கும் திருப்புமை இரண்டு மடங்காகிறது. படகு நீளவாக்கில் பரப்பி வைத்த எடையைப் பம்புசெட் நான்கு கால்களில் இறக்குவதால், குறுக்குச் சட்டங்கள் சேர்க்கப்பட வேண்டும். படகு டிரெய்லர்கள் உப்புநீருக்காகத் துத்தநாகம் பூசப்பட்டவை; அப்பூச்சின் மீதே வெல்டிங் செய்தால் எழும் வெண்புகை, வேலை செய்பவருக்குக் காய்ச்சலை உண்டாக்குவதோடு, இணைப்பில் துளைகளையும் விடக்கூடும். பூச்சைத் தேய்த்து அகற்றிவிட்டு வெல்டிங் செய்து, மீண்டும் பூச்சிட வேண்டும். கமான் பட்டைகளையும் அச்சையும் யூ போல்ட்டுகளோடு சேர்த்து நகர்த்துவதே இம்மாற்றத்தின் இதயம். தளம் அடிப்பது அதற்குப் பிறகுதான்.

சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலைப் பெறாமல் வெல்டிங் பட்டறைக்குப் போவது முறையன்று. வாகனங்களைச் சோதிக்கும் தேசிய மையம் ஒன்று ஒரகடத்திலேயே இயங்கும் பகுதியில், இந்த ஒழுங்கைப் பேணுவது அரிதான காரியமும் அல்ல.

பட்டறைகளும் ஒரு வழக்கத்தை ஏற்றுக்கொண்டால் பெரும் நன்மை விளையும். மாற்றம் முடிந்த டிரெய்லரைச் சுமையோடு சமதளத்தில் நிறுத்தி, முதலில் முழு எடையையும், பிறகு முன்தண்டின் முனையை மட்டும் ஒரு தராசின் மீது தாங்கவைத்து முன்பாரத்தையும் அளந்து, இரண்டு எண்களையும் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். அரை மணி நேரத்தில் முடியும் இந்த வேலைக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பத்து விழுக்காட்டுக்கு வெகுவாகக் குறைந்த எண் வந்தால் அச்சையோ சுமையையோ நகர்த்தாமல் வண்டியை வெளியே விடுவதில்லை என்ற உறுதி மட்டுமே தேவை.