உங்களுக்குத் தெரியுமா? கவிழாத கயாக் எது?

● மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்குகள் இன்று உலகெங்கும் விற்கின்றன. கடலில் தூண்டில் போடவும் மூச்சடக்கி முங்கவும் வாங்குகிறார்கள். இந்த வகைக்குப் பிறந்த வீடு கலிஃபோர்னியா. 1970-களின் தொடக்கத்தில் மாலிபு கடற்கரையில் டிம் நீமையர் என்ற இளைஞர், அலைச்சறுக்குப் பலகை ஒன்றைக் குடைந்து, முங்கும் சாமான்களை வைக்க இடம் செய்துகொண்டார். பின்னாளில் ‘ஓஷன் கயாக்’ நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. இன்று விளம்பரங்களில் மீனவர்களே முன்னால் நிற்கிறார்கள். ஆனால் படகு பிறந்தது முங்குபவருக்காக.

● கயாக்கின் மூலம், ஆர்க்டிக்கிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் இனுவிட், அலூட் மக்கள் செய்த தோல் படகு. கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மரத்தாலோ எலும்பாலோ சட்டம். அதன்மேல் இழுத்துத் தைத்த கடல்நாய்த் தோல். வேட்டைக்காரரின் உடல் அளவுக்கே செய்வார்கள். கவிழ்ந்தால் உள்ளே இருந்தபடியே துடுப்பை வீசி நிமிர்ந்துவிடுவார்கள். அதன் வாரிசுகளான இன்றைய நெடும்பயணக் கயாக்குகளின் அகலம் பெரும்பாலும் 53 முதல் 61 செ.மீ. வரைதான். அழகான படகுகள். ஆனால் கவிழ்ந்து ஆள் வெளியே வந்துவிட்டால் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். பம்பு வைத்து இறைத்த பிறகே பயணம். ஒரு நாளில் பலமுறை நீரில் இறங்கி ஏறும் முங்குபவருக்கு இது சரிப்படாது.

● மேலே உட்காரும் கயாக்கில் இறைக்கும் வேலையே கிடையாது. படகின் உடல் முழுவதும் மூடிய கூடு. தளத்திலிருந்து அடிப்பகுதி வரை ஊடுருவும் துளைகள் இருப்பதால் மேலே ஏறிய அலை தானாகவே வடிந்துவிடும். நம் கட்டுமரத்தில் மரங்களுக்கு நடுவே நீர் வந்து போவதும் இதே தத்துவம்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சுமை கூடிப்போனால் தளம் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும். அப்போது வடிகால் துளைகளே ஊற்றுக்கண்களாகிவிடும். நாள் முழுக்க ஈரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

● அகலம் கொஞ்சம் கூடினாலும் ஆட்டம் வெகுவாகக் குறையும். படகின் வடிவம் தரும் நிலைத்தன்மை, அகலத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் உயர்கிறது. 24 அங்குலப் படகை அதே நீளத்தில், அதே வடிவத்தில் 30 அங்குலமாக்கினால் கூடுவது கால் பங்கு அகலம்தான், நிலைத்தன்மையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது (1.25 × 1.25 × 1.25 = 1.95).

● இப்படி அகலத்தில் சம்பாதித்ததை இருக்கையின் உயரத்தில் தொலைத்துவிடலாம்! கயாக் வெறும் 30 கிலோ, அதில் ஏறும் ஆள் 75 கிலோ என்று வையுங்கள். இருக்கையை 10 செ.மீ. உயர்த்தினால் மொத்த எடையின் மையம் சுமார் 7 செ.மீ. மேலே போய்விடும். முதுகு சாய்த்து உட்காரும் உயரமான நாற்காலி ஏரியில் சொகுசு. கடலில், அதுவும் பக்கவாட்டு அலையில், அந்தச் சொகுசுக்கு விலை உண்டு. உயரத்தை மாற்றக்கூடிய இருக்கை என்றால் கடலுக்குப் போகும்போது கீழ்ப்படியில் வைத்துக்கொள்ளுங்கள்.

● நிலைத்தன்மையில் இரண்டு வகை உண்டு. கடையில் ஏறி உட்கார்ந்ததும் தெரிவது ஒன்று. படகு ஒருபக்கம் நன்றாகச் சாய்ந்த பிறகு தெரிவது மற்றொன்று. தட்டையான அடிப்பகுதி முதல் வகையில் கெட்டிக்காரன்: அசையாது, எழுந்து நின்றுகூடத் தூண்டில் வீசலாம். ஆனால் அலையின் சரிவு எப்படியோ அப்படியே அதுவும் சரியும். எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கையே இல்லாமல் புரளும். அடிப்பகுதி சற்று உருண்டோ லேசான ஆங்கில ‘வி’ வடிவிலோ இருந்தால் ஏறியவுடன் நெளியும். புதியவர் பயந்து இறங்கிவிடுவார். சாய்த்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்: ஒரு கட்டத்துக்குப் பிறகு, இதற்குமேல் சாயமாட்டேன் என்று எதிர்த்து நிற்கும்.

முங்குபவர் நீரிலிருந்து பக்கவாட்டில் தொற்றி ஏறுகிறார். அந்த நொடியில் முழு எடையும் ஒரே விளிம்பில். அவருக்கு வேண்டியது இரண்டாவது வகை. கடையில் ஆடாமல் நின்றதே என்று வாங்குவதுதான் பலரும் ஏமாறும் இடம்.

● கலிஃபோர்னியாவின் தென்கோடியில், சான் டியேகோ நகரின் பகுதியான லா ஹோயா, கயாக் மீனவர்களுக்குப் பேர்போன இடம். கயாக்கை இறக்கும் கரையை ஒட்டியே கடல் காப்பகம்; அதற்குள் மீன் பிடிக்கத் தடை. எல்லையைத் தாண்டித் துடுப்புப் போட்ட பிறகே தூண்டிலோ ஈட்டியோ. தூரம் போக வேண்டுமென்றால் நீளமும் வேண்டும். நீர்க்கோட்டில் 12 அடி நீளமுள்ள படகின் வேக உச்சவரம்பு மணிக்குச் சுமார் 8.6 கி.மீ.; 16 அடிக்கு ஏறக்குறைய 10 கி.மீ. அந்த உச்சத்தில் யாரும் நெடுநேரம் ஓட்டுவதில்லைதான். ஆனாலும் திரும்பி வரும்போது எதிர்க்காற்று பிடித்துக்கொண்டால், குட்டையான அகலப் படகில் தோள் கழன்றுவிடும். தூண்டில், முங்கல் இரண்டுக்கும் ஒரே படகு என்றால் 13 முதல் 15 அடி நீளம், 28 முதல் 31 அங்குல அகலம் என்பது நல்ல சமரசம்.

● அதே லா ஹோயாவில் பலருக்கு நங்கூரமே தேவைப்படாது. ராட்சதக் கெல்ப் என்னும் கடற்பாசி அங்கே காடாக வளர்கிறது. சூழல் ஒத்துழைத்தால் ஒரு நாளில் 60 செ.மீ. வரை நீளும். அதன் தண்டுகளை அள்ளிப் படகின் மேல் குறுக்கே போட்டால் போதும், படகு நகராது.

● நங்கூரம் போடுவதானால் கயிறு அணியத்திலோ (முன்முனை) அமரத்திலோ (பின்முனை) இருக்க வேண்டும். நடுவில், விலாப் பக்கத்தில் கட்டினால் நீரோட்டம் படகை அமுக்கிக் கவிழ்த்துவிடும். அகலமான படகுக்கும் இதே கதிதான்.

● உள்ளே புகுந்த கொஞ்சம் தண்ணீர் நல்ல படகையும் கெடுத்துவிடும். மூடியின் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது வடிகால் திருகை முடுக்க மறந்திருப்போம். கூட்டுக்குள் சேர்ந்த நீர், தாம்பாளத்தில் ஊற்றிய நீரைப் போல, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை அதிகமாக்கும். கப்பல்கள் கவிழ்வதற்கும் இது ஒரு காரணம். காலையில் ஆடாமல் வந்த கயாக் மதியம் நெளிய ஆரம்பித்தால் அலையைக் குறை சொல்லாதீர்கள். கரை ஒதுங்கித் திருகைக் கழற்றிப் பாருங்கள்.

● 1997-ல் ஹோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய மிதி இயக்கத்துக்கு முன்மாதிரி பெங்குவின். காலால் மிதித்தால் அடியில் இரண்டு துடுப்புகள் பெங்குவினின் சிறகுபோல் வீசும். கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சம். ஆனால் கெல்ப் காட்டுக்குள் போனால் அந்தச் சிறகுகளில் பாசி சுற்றிக்கொள்ளும்.

● வட கலிஃபோர்னியாவில் அபலோன் என்ற பெரிய கடல் நத்தையை எடுக்கக் காற்று உருளைக்கு அனுமதி இருக்கவில்லை. முங்குபவர்கள் மூச்சடக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. 7 அங்குலத்துக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது என்று விதி இருந்தது. பாறைக் கரையில் இறங்க வழியில்லாத இடங்களுக்குக் கயாக்கில் போனார்கள். 2013-ல் தொடங்கிய நோயில் நட்சத்திர மீன்கள் செத்தன. அவற்றுக்கு இரையாகிவந்த ஊதாக் கடல் முள்ளெலிகள் பெருகிப் பாசிக் காட்டைத் தின்று தீர்த்தன. கடல் வெப்ப அலையும் சேர்ந்துகொண்டது. அபலோன்கள் பட்டினியில் மடிந்தன. 2018 முதல் இந்தப் பொழுதுபோக்கு வேட்டைக்குத் தடை.

● முங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயப் பட்டையோடு கயாக் ஓட்டக் கூடாது. கவிழ்ந்தால் படகு மிதக்கும், நீங்கள் மிதக்க மாட்டீர்கள். ஓட்டும்போது உயிர்காப்பு அங்கி. முங்கும் இடத்தில் மட்டும் பட்டை. ஏறும்போது முதலில் பட்டையைக் கழற்றிப் படகில் போட வேண்டும். ஈட்டித் துப்பாக்கியின் ரப்பரை நீரில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும்.

● மூச்சடக்கி முங்குபவர் மயங்குவது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல. மேலே வரும் கடைசிச் சில மீட்டர்களில், அல்லது தலை வெளியே வந்த பிறகு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. மேலே வர வர நுரையீரல் ஆக்சிஜனின் அழுத்தமும் சரிந்து பாதியாகிறது. எப்படிப்பட்ட படகாக இருந்தாலும் தனியாக முங்க அது லைசென்ஸ் ஆகாது. ஒருவர் கீழே என்றால் மற்றவர் மேலே, கண் எடுக்காமல்.

● நிறம்? மஞ்சள், ஆரஞ்சு. நீலமும் சாம்பலும் போட்டோவுக்கு அழகு. தேடி வருபவர் கண்ணுக்குத் தெரியாது.

● கடைசியாக, பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. கயாக்கைக் கால் எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோங்கள். துணைக்கு ஓர் ஆள் இருக்கட்டும். வழக்கமாக ஏற்றும் சாமான் அத்தனையும் ஏற்றுங்கள். முதலில் இரண்டு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு உட்காருங்கள். பிறகு குதித்து, படகைக் கவிழ்த்து, திருப்பி, ஏறுங்கள்: உடம்பை நீர்மட்டத்தில் நீட்டி, கால் துடுப்பை உதைத்து, முதலில் வயிறு, அடுத்து புரண்டு இடுப்பு, கடைசியில் கால். களைத்துப்போன நிலையில் மூன்றாம் முறையும் ஏற முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்தப் படகு உங்களுக்கு வேண்டாம்.