ஒரு லைக் என்ன விலை?

பி.காம். படித்தவனிடம் காதலைப் பற்றி எழுதச் சொன்னால் என்ன ஆகும்? இரண்டாவது வரியிலேயே டிமாண்ட், சப்ளை என்று ஆரம்பித்துவிடுவான். இதோ, ஆரம்பித்துவிட்டேன்.

பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்தால் போதும், போகிற ஆபீஸிலெல்லாம் யாராவது ஒரு இளைஞர் என்னை டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். “ஸார், டேட்டிங் ஆப்ல சேர்ந்து ஒரு வருஷமாச்சு. வர்ற போட்டோவுக்கெல்லாம் லைக் போடறேன். ஒண்ணும் தேறலை. இந்தப் பொண்ணுங்களுக்கு என்னதான் ஸார் வேணும்?”

அதே ஆபீஸில் மூணாவது மாடிப் பெண்களிடம் கேட்டால் கதை வேறு. “லைக்குக்குப் பஞ்சமே இல்லைண்ணா. காலைல எழுந்தா போன் ரொம்பி வழியுது. உருப்படியா நாலு வார்த்தை பேசத் தெரிஞ்ச ஒருத்தன்தான் கிடைக்க மாட்டேங்கறான்!”

ஒரு பக்கம் வறட்சி, ஒரு பக்கம் வெள்ளம். சென்னைக்காரர்களுக்கு இரண்டுமே பழக்கம்தான். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்தோம். 2019 கோடையில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றோம். ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? வெள்ளம் வந்தபோதும் குடிக்கத் தண்ணீர் இல்லை! ஆப்பில் இருக்கும் பெண்களின் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். ஆணும் பெண்ணும் வேறு வேறு கிரகம் என்றெல்லாம் சொல்வார்கள். நான் விசாரித்த வரையில் கிரகம் ஒன்றுதான். உட்கார்ந்திருக்கும் ஸீட்தான் வேறு.

தக்காளித் தத்துவம்

கோயம்பேடு மார்க்கெட்டில் ஒரே நாளில் லாரி லாரியாகத் தக்காளி வந்து இறங்கினால் என்ன ஆகும்? விலை விழும். தக்காளியின் ருசியில் ஒரு குறையும் இல்லை. அளவுதான் பிரச்னை.

லைக்கும் அப்படித்தான். எங்கள் சித்தப்பா காலத்தில் ஒரு பெண்ணிடம் ‘பிடிச்சிருக்கு’ என்று சொல்ல ஒரு வாரம் யோசிக்க வேண்டும். நாலு பேப்பரைக் கசக்கிப் போட்டு அஞ்சாவது பேப்பரில் லெட்டர் எழுத வேண்டும். அதைக் கொடுக்கத் தைரியம் வராமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, கடைசியில் அது துவைக்கிற கல்லில் பாட்டி கையில் சிக்கும். உற்பத்திச் செலவு அதிகம், ஸார்! அதனால் மதிப்பும் அதிகம்.

2012-ல் அமெரிக்காவில் டிண்டர் வந்தது. பிடித்தால் விரலால் வலது பக்கம் தள்ளு, பிடிக்காவிட்டால் இடது பக்கம். ஒரு லைக்குக்கு ஆகும் செலவு அரை விநாடி. இலவசமாகக் கிடைப்பதை மனுஷன் எப்படிச் செலவு செய்வான் என்று சொல்ல வேண்டுமா?

லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து இதைச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண், பெண் பெயர்களில் டிண்டரில் பொய்க் கணக்குகள் ஆரம்பித்து, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரை விட்டு லைக் போட வைத்தார்கள். பெண் கணக்குக்கு ஆயிரத்துக்கு நூறு பேருக்கு மேல் பதில் லைக் வந்தது. ஆண் கணக்குக்கு? ஆயிரத்துக்குச் சுமார் ஆறு!

உடனே ‘பாத்தீங்களா, பொண்ணுங்களுக்குத் திமிரு’ என்று முடிவு கட்ட வேண்டாம். இது ஒரு சுற்று. ஒன்றும் கிடைக்காததால் ஆண் எல்லோருக்கும் லைக் போடுகிறான். எல்லோரும் போடுவதால் பெண்ணுக்குக் குவிகிறது. குவிவதால் அவள் சலித்துச் சலித்துப் பார்க்கிறாள். அவள் சலிப்பதால் இவனுக்கு இன்னும் குறைகிறது. உடனே இவன் இன்னும் வேகமாகத் தள்ளுகிறான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரும் புத்திசாலிகள். சேர்த்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

கம்பெனிக்கே இது பொறுக்கவில்லை. 2015 மார்ச்சில் டிண்டர் இலவச லைக்குக்கு ரேஷன் கொண்டுவந்தது. இஷ்டத்துக்குத் தள்ள வேண்டுமா? மாசச் சந்தா கட்டு. அமெரிக்காவில் முப்பது வயதுக்குக் கீழே இருந்தால் 9.99 டாலர், முப்பதைத் தொட்டுவிட்டால் 19.99 டாலர். கிழவனுக்கு டபுள் ரேட்! (அப்புறம் கோர்ட் வரைக்கும் போய் அந்த வயசு வித்தியாசம் அடி வாங்கியது. முப்பது தாண்டியவன் என்ற முறையில் எனக்குப் பரம திருப்தி.)

பன்னிரண்டு எழுத்துக் காதல்

அதே ஆராய்ச்சியில் இன்னொரு தமாஷ். இரண்டு பக்கமும் பிடித்து, ஜோடி சேர்ந்த பிறகு முதல் மெசேஜ் யார் அனுப்புகிறார்கள்? பெண்களில் 21 சதவிகிதம். ஆண்களில் வெறும் 7 சதவிகிதம். ஊரெல்லாம் லைக் போட்டுவிட்டு, கதவு திறந்ததும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் நம் வீரர்கள்.

அனுப்புகிற அந்த 7 சதவிகிதமாவது என்ன எழுதுகிறது? பெண்கள் அனுப்பிய மெசேஜின் நடுத்தர நீளம் 122 எழுத்து. ஆண்களுடையது 12. ‘ஹாய், ஹவ் ஆர் யூ?’ என்பதை இங்கிலீஷில், ‘ஆர்’க்கு ஒரு எழுத்து, ‘யூ’வுக்கு ஒரு எழுத்து என்று போன் ஸ்டைலில் அடித்துப் பாருங்கள். கமா, இடைவெளி, கேள்விக்குறி எல்லாம் சேர்த்தால் கரெக்ட்டாகப் பன்னிரண்டு!

ஆபீஸில் ஒரு லீவ் லெட்டருக்கே ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஊர்ல வேற யாரும் இல்லை’ என்று கதை, வசனம் எழுதுகிற ஆசாமிகள் நாம். வாழ்க்கைத் துணையாக வரக்கூடியவளுக்குப் பன்னிரண்டு எழுத்து!

“ஒரே நாள்ல நாப்பது ‘ஹாய்’ வந்தா எந்த ‘ஹாய்’க்குண்ணா பதில் சொல்றது?” என்றாள் ஒரு பெண். “என் புரொஃபைல்ல செஸ் விளையாடுவேன்னு போட்டிருக்கேன். ‘கடைசியா யார்கிட்ட தோத்தீங்க?’ன்னு ஒருத்தன் கேட்டான். அவனுக்கு மட்டும்தான் பதில் போட்டேன்.” கவனியுங்கள். பையன் அழகன் என்றோ, சம்பளம் என்ன என்றோ அவள் சொல்லவில்லை. படித்துவிட்டுப் பேசினான். அவ்வளவுதான்.

‘பெண்ணே முதலில் பேசட்டும்’ என்று விதி போட்டுப் பார்த்தது பம்பிள். டிண்டரின் ஆரம்ப கோஷ்டியில் இருந்து வெளியே வந்த விட்னி உல்ஃப் என்ற பெண்மணி 2014-ல் தொடங்கியது அது. பத்து வருஷம் கழித்து, 2024-ல் அவர்களும் இறங்கி வந்தார்கள். பெண் ஒரு கேள்வியை எழுதி வைத்துவிட்டால் போதும், ஆண் அதற்குப் பதில் சொல்லி ஆரம்பிக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். முதல் வார்த்தை பேசுவது எல்லோருக்குமே சுமைதான். இத்தனை நாள் ஆண்தான் சுமக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரே காபி, ரெண்டு டென்ஷன்

சரி, பேசிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபி என்று முடிவாகிறது. ஆண் தயாராகும் லிஸ்ட்: இஸ்திரி போட்ட சட்டை, ஸென்ட், பர்ஸ், ‘வழியறேனா?’ என்ற கவலை.

பெண்ணின் லிஸ்ட்: தோழிக்கு லொகேஷன், அவன் போட்டோ, போன் நம்பர். வெளிச்சமான இடமா? திரும்பி வர சொந்த வண்டியா, ஆட்டோவா? ஏழரைக்குத் தோழி போன் பண்ணுவாள். ஆள் சரியில்லை என்றால் ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’. வீட்டில் என்ன பொய் சொல்வது? எதிர் டேபிளில் சொந்தக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால்?

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1978-ல் ஒரு சோதனை நடந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, ‘இன்னிக்கு ராத்திரி என்னோட டேட் வர்றியா?’ என்று கேட்க வேண்டும். பெண் கேட்டபோது ஆண்களில் 50 சதவிகிதம் சரி என்றார்கள். ஆண் கேட்டபோது பெண்களில் எத்தனை தெரியுமா? 56 சதவிகிதம்! பெண்கள்தான் ஜாஸ்தி!

அதே ஆட்கள் ‘என் வீட்டுக்கு வர்றியா?’ என்று கேட்டார்கள். ஆண்களில் 69 சதவிகிதம் ரெடி. பெண்களில் 6 சதவிகிதம்.

வெளியே போய்ப் பேச வேண்டும் என்ற ஆசையில் இரண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லை. தெரியாத வீட்டின் கதவு என்று வந்ததும்தான் அந்தப் பள்ளம். அவள் ‘பாக்கலாம்’ என்று இழுக்கும்போது, உங்கள் மூக்கும் முழியும் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பத்திரமாக வீடு திரும்ப முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இடத்தையும் நேரத்தையும் அவளையே சொல்லச் சொல்லுங்கள். பாதி டென்ஷன் குறையும்.

ஆணுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பெண் பெயரில் பழகி, ஒரு குறிப்பிட்ட ஹோட்டலுக்கு வரவழைத்து, பில்லில் ஆயிரக்கணக்கில் தீட்டுகிற கும்பல் உண்டு. 2024-ல் டெல்லியில் அப்படி ஒரு இளைஞர் லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு வந்தது பேப்பரில் வந்தது. பார்ப்பதற்கு முன்பே ‘இந்தக் கடைக்குத்தான் வரணும்’ என்று அடம் பிடித்தாலோ, பழகிய பத்தாம் நாள் ‘நல்ல முதலீடு ஒண்ணு இருக்கு’ என்றாலோ நழுவிவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் போன பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

டபுள் என்ட்ரி

பெண்கள் சொல்கிற புகார்களிலேயே என்னைக் கொஞ்சம் உலுக்கியது இதுதான். “டேட்டிங் ஆப்ல அவன் இருக்கான். மேட்ரிமோனியல்ல அவனுக்காக அவங்கம்மா இருக்காங்க!”

எட்டு மாசம் காபி, பீச், ராத்திரி ரெண்டு மணி வரை போன். அதே எட்டு மாசமும் அந்தப் பக்கம் ஜாதகம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாள் ‘அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க, ஜாதி வேறயாம்’ என்று ஒரு மெசேஜ். அப்புறம் போன் எடுப்பதில்லை. “ஜாதி வேறன்னு முதல் நாளே தெரியாதாண்ணா அவனுக்கு?” என்று அந்தப் பெண் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பெண்களிலும் இப்படி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முறிந்த பிறகு பேர் கெடுவது யாருக்கு? ‘அவ யார் கூடயோ சுத்தினவளாம்’ என்று அவள் தெருவில் பேசுவார்கள். இவன் தெருவில் பந்தல் போடுவார்கள்.

எங்கள் அக்கவுன்டன்ஸியில் ஒரு விதி உண்டு. நாளைக்குக் கடனாக மாறலாம் என்று இன்றைக்கே தெரிந்தால், அதை பேலன்ஸ் ஷீட்டின் அடியில் குறிப்பாகப் போட வேண்டும். போடாவிட்டால் கணக்கு பொய்க் கணக்கு. மூணாவது சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: ‘எங்க வீட்ல சம்மதிக்கறது கஷ்டம். நான் எதிர்த்து நிப்பேன்’ அல்லது ‘நிக்க மாட்டேன்’. இரண்டுமே மரியாதையான பதில்தான். எட்டு மாசம் கழித்துச் சொல்வதுதான் மோசடி.

சிரிச்சா சிக்னலா?

1982-ல் அன்டோனியா ஆபி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு ஆணையும் பெண்ணையும் உட்கார வைத்துப் பேசவிட்டு, மறைவிலிருந்து இன்னொரு ஆணையும் பெண்ணையும் கவனிக்க வைத்தார். பேச்சு ஒன்றுதான். ஆனால் அந்தப் பெண் சிநேகமாகப் பேசியதை, ஆண்கள் ‘நம்ம மேல ஒரு இது’ என்கிற ரீதியில் கூடுதலாகவே புரிந்துகொண்டார்கள்.

அங்கேயே அப்படி என்றால், ஹீரோயின் முறைத்தாலே டூயட் பாடப் போய்விடுகிற சினிமா பார்த்து வளர்ந்த நமக்குக் கேட்க வேண்டுமா? ‘வேணாம்’ என்றால் ‘இன்னும் கொஞ்சம் டிரை பண்ணு’ என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

இதில் மட்டும் தமாஷ் இல்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னைவிட்டு விலகிப்போன ஒரு கல்லூரி மாணவியை, வந்துகொண்டிருந்த ரயிலின் முன்னால் தள்ளிக் கொன்றான் ஒருவன். நாம் எல்லோரும் தினமும் ஏறி இறங்குகிற பிளாட்பாரம் அது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்வதும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் 2013-லிருந்தே தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு. புது நம்பரிலிருந்து ‘கடைசியா ஒரே ஒரு தடவை பேசணும்’ என்று போடுகிற மெசேஜும் அதில் அடக்கம்.

மறுப்பு வலிக்கும். பத்து நாள் சோறு இறங்காது. நண்பனோடு பீச்சுக்குப் போங்கள், புலம்புங்கள். அந்தச் செலவை உங்கள் கணக்கில் எழுதுங்கள். அவள் கணக்கில் எழுதாதீர்கள்.

கடைசியாக ஒரு கூட்டல்

டீக்கடையில் என்னை மடக்கிய இளைஞர்களுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் உண்டு. நாளைக்கு நூறு லைக் போடுவதை அஞ்சாகக் குறையுங்கள். அந்த அஞ்சு பேரும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முழுசாகப் படியுங்கள். பன்னிரண்டு எழுத்தை நூறாக்குங்கள்.

“நான் ஒருத்தன் குறைச்சா மார்க்கெட் மாறிடுமா ஸார்?” என்பீர்கள். மாறாது. லாரி வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் கூடையில் நசுங்கிக் கிடக்கிற ஆயிரம் தக்காளியில் ஒன்றாக நீங்கள் இருக்க மாட்டீர்கள்!