லாரி விபத்து இழப்பீடு: வஞ்சியூர் தீர்ப்பாயத்தில் எதைக் கேட்கலாம், எதைக் காட்ட வேண்டும்?

லாரி மோதிக் காயமடைந்தவர் இழப்பீடு கேட்க வேண்டிய இடம் சாதாரண உரிமையியல் நீதிமன்றம் அல்ல. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அமைந்த மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். திருவனந்தபுரத்தில் அது வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி அங்கே மனு கொடுக்க வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் மனு கொடுக்க வேண்டும் என்பதில்லை. நாகர்கோவில்காரர் ஒருவர் பாலராமபுரத்தில் அடிபட்டால், தாம் குடியிருக்கும் நாகர்கோவிலிலேயே வழக்கு நடத்தலாம். எதிர்த்தரப்பில் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் சேர்ப்பது வழக்கம்.

மோதினால்தான் விபத்து என்பதும் இல்லை. 2024 மார்ச்சில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிச் சென்ற டிப்பரிலிருந்து கல் விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற மாணவர் ஒருவர் இறந்தார். லாரி அவர்மீது மோதவில்லை. ஆனாலும் சட்டத்தின் பார்வையில் இது வாகனத்தைப் பயன்படுத்தியதால் விளைந்த விபத்தே. ‘வாகனத்தைப் பயன்படுத்தியதால் விளைந்த’ என்ற சொற்களுக்கு உச்ச நீதிமன்றம் 1991இல் விரிந்த பொருள் தந்தது. மகாராஷ்டிரத்தில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்ததில் இறந்தவர்களின் குடும்பங்களும் இழப்பீட்டுக்கு உரியவை என்பது அந்தத் தீர்ப்பு.

கவனக்குறைவும் ஆவணங்களும்

166ஆம் பிரிவில் கேட்பவர், லாரி ஓட்டுநரின் கவனக்குறைவை நிறுவ வேண்டும். குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். காவல்துறையின் குற்றப்பத்திரிகையையே பொதுவாகக் கவனக்குறைவுக்கு முதல்நிலைச் சான்றாக ஏற்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011இல் கூறியது. ஆகவே எஃப்.ஐ.ஆர்., விபத்து நடந்த இடத்தைப் பதிவுசெய்யும் மஹசர், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை ஆகிய ஐந்துமே வழக்கின் முதுகெலும்பு. காயச் சான்றிதழில் விபத்து எப்படி நேர்ந்தது என்று மருத்துவமனை எழுதும் ஒரு வரி, பின்னாளில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் பிடிக்கும் வரியாக இருக்கும். அது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று குடும்பத்தினர் உடனே பார்த்துவிட வேண்டும்.

எச்சரிக்கை விளக்கில்லாமல் சாலையில் நிறுத்திய லாரியில் வந்து மோதியவர்மீதும் பாதிப் பழியைப் போடுவது காப்பீட்டுத் தரப்பின் வழக்கமான வாதம். நடுச்சாலையில் நின்ற டேங்கரில் கார் மோதிய வழக்கில் ஓர் உயர் நீதிமன்றம் அப்படிப் பாதியைக் குறைத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, டேங்கர் ஓட்டுநரே முழுப் பொறுப்பு என்றது.

யார் பணம் தருவது?

மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்பதால் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே தரும். ஓட்டுநரின் உரிமத்தில் குறை இருந்தால் நிறுவனம் மறுக்கப் பார்க்கும். அத்தகைய வழக்குகளில், காயமடைந்தவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது.

சரக்கு லாரியில் இலவசமாக ஏறிச் சென்றவருக்கு இந்தக் காப்பு இல்லை. சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் உண்டு. லாரியிலேயே வேலை செய்யும் ஓட்டுநரோ கிளீனரோ, தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மோதிவிட்டுப் போன லாரி எதுவென்றே தெரியாவிட்டால், படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் மரணத்துக்கு 2 லட்சமும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

தொகை வரும் வழி

மருத்துவச் செலவு, உடனிருந்தவரின் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலி, இழந்த வாழ்க்கை வசதிகள் என்று தலைப்புவாரியாக இழப்பீடு கணக்கிடப்படும். இவற்றில் பெரும்பாலும் பெரிய தொகை, நிரந்தர ஊனத்தால் குறையும் எதிர்கால வருமானத்துக்கு உரியது. இங்கே மருத்துவர் எழுதும் ஊன விழுக்காடு வேறு, வருமான இழப்பு விழுக்காடு வேறு. இடது கையை இழந்தவருக்கு மருத்துவ ஊனம் 60 விழுக்காடு எனலாம். அவர் ஓட்டுநரோ தச்சரோ ஆனால் பிழைப்பே ஏறக்குறைய முழுதாகப் போய்விடும், எழுத்தரானால் வேலை தொடரும். இந்த வேறுபாட்டை ராஜ்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

கணக்கு இப்படிப் போகும். வயது 32, சொந்தத் தொழில், மாத வருமானம் 15,000 ரூபாய், வருமான இழப்பு 30 விழுக்காடு என்று கொள்வோம். 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கு எண் 16. ஆண்டு வருமானம் 1,80,000ஐ 16ஆல் பெருக்கி 30 விழுக்காடு எடுத்தால் 8,64,000. 40 வயதுக்கு உட்பட்ட சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க 2017ஆம் ஆண்டின் பிரணய் சேதி தீர்ப்பு வழிசெய்கிறது. சேர்த்தால் 12,09,600 ரூபாய். அதே 15,000 ரூபாய்க்குச் சான்று இல்லாவிட்டால், தீர்ப்பாயம் உத்தேசமாக ஒரு வருமானத்தை வைக்கும். அது குறைந்தால் மொத்தமும் அதே விகிதத்தில் குறையும். வங்கிக் கணக்கு, கூலி பெற்ற ரசீது, தொழில் உரிமம் ஆகியவற்றுக்கு மதிப்பு இங்கேதான்.

காலமும் சமரசமும்

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். இந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. அதை நம்பித் தாமதிப்பது புத்திசாலித்தனமல்ல. தீர்ப்பில் குறையிருந்தால் 90 நாளுக்குள் எர்ணாகுளத்திலுள்ள உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு.

அந்த ஆணையம் நடத்தும் லோக் அதாலத்தில் பல லாரி வழக்குகள் பேசி முடிகின்றன. பணம் சீக்கிரம் கைக்கு வரும் என்பது அதன் நன்மை. ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. எனவே காப்பீட்டு நிறுவனம் சொல்லும் தொகைக்குக் கையெழுத்திடும் முன்பு, வயது, வருமானம், ஊன விழுக்காடு ஆகியவற்றை வைத்துத் தமக்கு உரிய தொகையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.