பதினாறு இடங்களில் ஒரு வழக்கு

ஏழை ஒருவர் வழக்கு நடத்தினால், வக்கீல் ஃபீஸோடு செலவு முடிவதில்லை. அடுத்த வாய்தா என்றைக்கு என்று தெரிந்துகொள்வதற்கே பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் போய்விடும். நாளெல்லாம் நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தால், வழக்கு ஒத்திவைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். இந்த வீண் அலைச்சலை ஓர் எண்ணால் தவிர்க்க முடிகிறது என்பது வியப்புக்குரியது.

‘அசல் வழக்கு 45/2019’ என்று மட்டும் சொன்னால் கணினிக்குப் புரியாது. அதே எண்ணில் பல ஊர் நீதிமன்றங்களில் வழக்கு இருக்கலாம். அதனால் மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக ஒரு சி.என்.ஆர். எண் தருகிறார்கள். அதில் மொத்தம் 16 இடங்கள். முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு ‘டிஎன்’. அடுத்த இரண்டு மாவட்டம். பிறகு நீதிமன்றத்துக்கு இரண்டு இலக்கம், வரிசை எண்ணுக்கு ஆறு, ஆண்டுக்கு நான்கு. நாட்டில் இன்னொரு வழக்குக்கு இதே எண் வராது.

2007இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டம், நீதிமன்றங்களுக்குப் பொதுவான ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. விசாரணை முடிந்ததும் ஊழியர் அதில் அடுத்த தேதியைப் பதிவார். அத்திட்டத்தின் கைப்பேசிச் செயலியில் சி.என்.ஆர். எண்ணைத் தட்டினால் அந்தத் தேதியும், பதிவேற்றிய உத்தரவுகளும் தெரியும். இதற்குக் கட்டணம் இல்லை.

தேதி தெரிந்தால் போதுமா? வாதாட ஆள் வேண்டுமே. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவில் அதற்கு வழி வைத்திருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச வக்கீல் கேட்கலாம். இந்த உரிமை பலருக்குத் தெரியாததால்தான் தொழில்நுட்பம் தேவைப்படுகிறது. 15100 என்ற எண்ணை அழைத்தால் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். 2017இல் வந்த டெலி-லா திட்டத்தில், கிராமத்துப் பொதுச் சேவை மையத்தில் உட்கார்ந்தே காணொளியிலோ தொலைபேசியிலோ வக்கீலிடம் ஆலோசனை பெறலாம்.

ஆனால் எந்தச் செயலியும் தானாக வாதாடாது; ஊழியர் தேதியைப் பதியாவிட்டால் திரையிலும் தேதி இருக்காது. மனிதர் செய்ய வேண்டியதை மனிதர்தான் செய்ய வேண்டும். நம் பங்குக்கு, வழக்குத் தாக்கல் செய்யும் அன்றே கைப்பேசி எண்ணைப் பதியச் சொல்வோம், சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குவோம். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு வாய்தாவைப் பார்த்துச் சொல்வோம். அதுவும் சட்ட உதவிதான்.