சிதைவிலும் ஒரு சித்திரம்

சுவரில் மாட்டிய பழைய நிழற்படத்தைக் கறையான் அரித்தால், அரித்த இடம் மட்டுமே பாழாகும். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் நாம் சேமிக்கும் படத்தின் நிலை வேறு. அது எண்களின் நீண்ட வரிசை. அவ்வெண்களை வேண்டுமென்றே மாற்றிப் படத்தைச் சிதைத்து, அதில் புதுக்கோலம் காண்பதற்குக் 'கிளிட்ச்' கலை என்று பெயர்.

1992-இல் வகுக்கப்பட்ட ஜேபெக் முறையை எடுத்துக்கொள்வோம். அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் சராசரி ஒளியையும் முழுமையாக எழுதாமல், முந்திய கட்டத்தினின்று அது எவ்வளவு வேறுபடுகிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. எனவே, ஹெக்ஸ் எடிட்டர் என்னும் மென்பொருளால் நடுவே ஓர் எண்ணை மாற்றினால், பிழை பெரும்பாலும் அங்கேயே நிற்பதில்லை. பின்வரும் கட்டங்களெல்லாம் நிறம் மாறி, இடம் பெயர்கின்றன. கோப்பின் தொடக்கத்தைத் தொட்டாலோ, படம் திறவாமலே போகலாம்.

நெதர்லாந்துக் கலைஞர் ரோசா மெங்க்மன் 2010-இல் தம் முகப்படத்தையே பல கோப்பு வடிவங்களில் சேமித்து, இவ்வாறு சிதைத்துக் காட்டினார். முகம் ஒன்றே, சிதைவோ வடிவத்திற்கு வடிவம் வேறுபட்டது. கண்ணுக்கு மறைந்திருக்கும் அமைப்பு, உடையும்போது வெளிப்படுகிறது.

இளைஞர் இதனைப் பயில்வது நன்றே. ஆனால், மூலத்தைத் தொடாது, பிரதியில் பயிலட்டும். மறைந்த பாட்டனாரின் படம் ஒன்றே ஒன்றாக எஞ்சியுள்ள இல்லங்கள் பல. ஓர் எண் பிறழ்ந்தாலும் அம்முகம் குலையக்கூடும். ஆதலின், இன்றே மறுபிரதி எடுத்து வேறிடத்தில் வைப்போம்.